ஃபுல்டன் மெக்காய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘போரிட்ஜ்’ தொடரையோ ‘லோக்கல் ஹீரோ’ படத்தையோ யாரிடமாவது பார்க்கச் சொன்னால், பார்த்து முடித்ததும் கதாநாயகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த வார்டர் யார், அந்தக் கடற்கரைப் பெரியவர் யார் என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னதும் கேள்விகள் இன்னும் கூடிவிடுகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழில் இவரைப் பற்றிப் படிக்க அதிகம் கிடைக்காததால் பதில்கள் சில இடங்களில் நீண்டுவிட்டன.

யாருங்க இவர்? சுருக்கமா சொல்லுங்க.

ஃபுல்டன் மெக்காய் ஸ்காட்லாந்து நடிகர், நாடக ஆசிரியர். 1922 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தார், 1987 ஜூன் 6 அன்று இறந்தார். பிரிட்டனில் 1970-களில் டிவி பார்த்த யாரைக் கேட்டாலும், ‘போரிட்ஜ்’ என்ற பி.பி.சி. நகைச்சுவைத் தொடரில் வந்த கறாரான ஜெயில் வார்டர் என்று சொல்வார்கள். சினிமா ரசிகர்களுக்கு அவர் 1983-ல் வந்த ‘லோக்கல் ஹீரோ’ படத்தின் பென் நாக்ஸ். அந்த நாட்டுக் குழந்தைகள் சிலருக்கோ கலங்கரை விளக்கத்தில் குடியிருந்த கேப்டன்.

இந்த மூன்றும் டிவியிலும் சினிமாவிலும் தெரிந்த முகங்கள். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி மேடையில் கழிந்தது.

எந்த ஊர்க்காரர்? வீட்டில் வேறு யாராவது நடிகர்களா?

பிறந்தது கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள பெய்ஸ்லி. நூல் ஆலைகளுக்கும் நெசவுக்கும் பேர்போன ஊர். அம்மா நீரிழிவு நோயால் இறந்துவிட, விதவையான ஓர் உறவுக்காரப் பெண்மணி அவரை கிளைட்பேங்கில் வளர்த்தார். கிளைட்பேங்க் முழுக்கக் கப்பல் கட்டும் ஊர். ‘குயின் மேரி’ என்ற புகழ்பெற்ற பயணிகள் கப்பல் 1934-ல் அங்கிருந்துதான் தண்ணீரில் இறங்கியது. 1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் இரண்டே இரவுகளில் அந்த ஊரைச் சிதைத்துப்போட்டன.

நடிப்புக் குடும்பம் இல்லை. அப்பா ராணுவத்தினருக்குக் கேன்டீன் நடத்தும் அமைப்பில் வேலை பார்த்தவர். பள்ளி முடித்த மெக்காய் கட்டட வேலைக்கான பொருள், செலவுக் கணக்குப் போடும் குவான்டிட்டி சர்வேயர் பயிற்சியில்தான் சேர்ந்தார். போர் வராமல் இருந்திருந்தால் அந்த வேலையிலேயே தங்கியிருக்கலாம்.

இந்தியாவில் இருந்தார் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

உண்மைதான். 1941-ல் விமானப்படையில் சேர விரும்பினார். காது ஜவ்வில் ஓட்டை இருந்ததால் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஸ்காட்லாந்தின் பழம்பெரும் தரைப்படைப் பிரிவான ‘பிளாக் வாட்ச்’-இல் சேர்ந்தார். ஐந்து வருட ராணுவ வாழ்க்கையில் மூன்று வருடம் இந்தியாவில்.

அவர் வார்டராக நடிக்கும்போது நிற்கிற விதம், பூட்ஸ் காலைத் தரையில் ஊன்றுகிற விதம், உத்தரவு கொடுக்கிற குரல் எல்லாவற்றிலும் பரேடு மைதானம் தெரியும். அதை அவர் வெளியிலிருந்து பார்த்துக் கற்க வேண்டியிருக்கவில்லை.

நடிப்பு எங்கே படித்தார்? நேரா டிவிக்குப் போயிட்டாரா?

இல்லை. போர் முடிந்து ராணுவத்திலிருந்து வந்ததும் லண்டனில் ‘ராடா’ என்று எல்லோரும் சொல்லும் ராயல் அகாடமி ஆஃப் டிராமடிக் ஆர்ட்டில் படித்தார். அப்புறம் கிளாஸ்கோவின் சிட்டிசன்ஸ் தியேட்டர். 1949-க்கும் 1958-க்கும் இடையில் அங்கே ஒன்பது சீசன்கள் நடித்தார்.

இந்த ஒன்பது சீசன்களைச் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடாது. சிட்டிசன்ஸ் தியேட்டரை 1943-ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நாடக ஆசிரியர் ஜேம்ஸ் பிரைடி. லண்டனிலிருந்து வரும் நாடகக் குழுக்களை எதிர்பார்த்திருக்காமல் ஸ்காட்லாந்துக்கென்று ஒரு தொழில்முறை மேடை வேண்டும் என்பது அவர் நோக்கம். 1945-ல் கோர்பல்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதிக்கு அந்த அரங்கம் இடம் மாறியது. அடுத்தடுத்து நாடகங்களை மாற்றிப் போடும் அப்படிப்பட்ட ஒரு குழுவில் நடிகனுக்கு ஒரு மாதம் பிரபு வேடம், மறுமாதம் குடிகாரன் வேடம் என்று வரும். சிறிய பாத்திரத்துக்கும் முழு உயிர் கொடுக்கிற பழக்கம் மெக்காயிடம் இங்கேதான் ஊறியது என்பது என் எண்ணம்.

பிறகு எடின்பரோவின் ராயல் லைசியம், லண்டனின் ராயல் கோர்ட், ஓல்ட் விக் என்று வேறு நாடக அரங்குகளுக்குப் போனார். டிவியில் சின்னச் சின்ன வேடங்களாகப் பல தொடர்கள். ‘ஸ்பெஷல் பிராஞ்ச்’ என்ற போலீஸ் தொடரில் இன்மன் என்ற உயரதிகாரி வேடம் கொஞ்சம் பெரியது.

‘போரிட்ஜ்’ என்ன கதை? அதில் இவர் யார்?

நார்மன் ஸ்டான்லி ஃபிளெட்சர் என்ற பழைய திருடனுக்கு ஐந்து வருடத் தண்டனை. நடித்தவர் ரோனி பார்க்கர். நாடே கொண்டாடிய நகைச்சுவை நடிகர். ஒவ்வொரு பகுதியும் நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் குரலோடு தொடங்கும். அந்தக் குரலும் பார்க்கருடையதுதான். ஃபிளெட்சரோடு ஒரே அறையில் இருக்கும், முதல்முறை ஜெயிலுக்கு வந்த இளைஞன் காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். இரண்டு வார்டர்கள்: இரக்க சுபாவம் கொண்ட பாரோக்ளோ, நடித்தவர் பிரையன் வைல்ட். எதற்கும் வளையாத மெக்காய், நடித்தவர் நம் மெக்காய். ஆமாம், நடிகருக்கும் பாத்திரத்துக்கும் ஒரே குடும்பப் பெயர். அதனால் இந்தப் பதில்களில் பாத்திரத்தை ‘மிஸ்டர் மெக்காய்’ என்றே சொல்கிறேன்.

எழுதியவர்கள் டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே. 1973 ஏப்ரலில் தனி நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது நன்றாக எடுபடவே, 1974 செப்டம்பரில் தொடராக ஆரம்பித்து 1977 வரை மூன்று வரிசைகள் வந்தன. 2004-ல் பிரிட்டனின் சிறந்த நகைச்சுவைத் தொடர் எது என்று பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் ஏழாவது இடம். தொடர் முடிந்து 27 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த இடம் அது.

அது நிஜ ஜெயிலா?

இல்லை. ஸ்லேட் சிறைச்சாலை கற்பனை. வடக்கு இங்கிலாந்தில் கம்பர்லாந்தில் இருப்பதாகக் கதை. நிஜ ஜெயிலுக்குள் எடுக்க அனுமதி கிடைக்காததால், வெளிவாசலுக்கு செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் இருந்த பழைய சிறையின் நுழைவாயிலைக் காட்டினார்கள். அடுக்கடுக்கான அறைகள் தெரியும் உட்புறத்தை ஈலிங் ஸ்டுடியோவில், தண்ணீருக்கடியில் நடக்கும் காட்சிகளை எடுக்கக் கட்டியிருந்த பெரிய தொட்டிக்குள் செட்டாகப் போட்டார்கள். 1979-ல் இதே பெயரில் வந்த சினிமா மட்டும் நிஜச் சிறையில் எடுக்கப்பட்டது. தீவிபத்தால் செம்ஸ்ஃபோர்ட் சிறை காலியாகியிருந்த நேரம் அது.

மிஸ்டர் மெக்காய் வில்லன்தானே? ஆனா அவரை வெறுக்கவே முடியலையே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மிஸ்டர் மெக்காய் சட்டத்தை நம்புகிறவர். கைதியைத் துன்புறுத்துவதில் அவருக்குச் சந்தோஷம் கிடையாது. ஜெயில் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஃபிளெட்சர் இருக்கும் ஜெயில் ஒருநாளும் ஒழுங்காக நடக்காது. ஏதோ நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் முடியாது. அந்த நேரத்தில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து தலையை மேலே நீட்டுவார் பாருங்கள், சட்டை இறுக்கமாக இருப்பதுபோல. கோபம், சந்தேகம், மானம் போகாமல் வெளியேற வேண்டிய கட்டாயம் எல்லாம் அந்த ஓர் அசைவில் இருக்கும்.

மெக்காய் ஒரு தடவைகூட இது நகைச்சுவைத் தொடர் என்று தெரிந்தவர்போல நடிக்க மாட்டார். பார்வையாளர் சிரிப்பதற்காக நிறுத்துவது, கண்ணைச் சிமிட்டுவது, எதுவும் கிடையாது. அவருக்கு அது நிஜ ஜெயில், நிஜ வேலை. எதிரில் இருப்பவர் இவ்வளவு தீவிரமாக இருப்பதால்தான் ஃபிளெட்சரின் ஒவ்வொரு சின்ன வெற்றியும் நமக்கு வெற்றியாகப் படுகிறது. பார்க்கரின் சிரிப்புக்குப் பாதிப் புகழ் மெக்காய்க்குச் சேர வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வேன்.

கதையை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஒரு பகுதியில் மிஸ்டர் மெக்காய் சில நாள் வெளியே போக, அவர் இடத்துக்கு வெயின்ரைட் என்ற உண்மையிலேயே கொடுமைக்கார வார்டர் வருகிறார். கைதிகள் எல்லோரும் கூடிச் செய்வது என்ன? மிஸ்டர் மெக்காயே திரும்பி வருவதற்கு வழி பார்க்கிறார்கள். கறாராக இருந்தாலும் எல்லோரிடமும் ஒரே அளவுகோலோடு இருப்பவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

தொடர் முடிந்ததும் அந்த வார்டர் என்ன ஆனார்?

1978-ல் ‘கோயிங் ஸ்ட்ரெயிட்’ என்ற தொடர் வந்தது. விடுதலையான ஃபிளெட்சரின் வெளிவாழ்க்கை பற்றியது. முதல் பகுதியில் ஃபிளெட்சர் ரயிலில் ஊர் திரும்புகிறான், அதே ரயிலில் மிஸ்டர் மெக்காயும் வருகிறார். 1973-ல் முதன்முதலாக ஒளிபரப்பான அந்தத் தனி நிகழ்ச்சியில், ஃபிளெட்சரை ரயிலில் ஜெயிலுக்குக் கூட்டிப்போகிறவர்களில் ஒருவர் இவர்தான். சங்கிலியோ சீருடையோ குறுக்கே இல்லாமல் இருவரும் எதிரெதிரே உட்காரும்போது ஒருவரை ஒருவர் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது வெளியே வருகிறது. தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மேலே சொன்ன 1979 சினிமா. அது திரைக்கு வருமுன்பே, அந்த வருடம் மார்ச்சில், பெக்கின்சேல் 31 வயதில் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

‘டாக்டர் ஹூ’ கதாநாயகனாக இவரை எடுக்க இருந்தார்களாமே? வதந்தியா?

பரிசீலித்தது உண்மை. ‘டாக்டர் ஹூ’ பி.பி.சி.-யின் அறிவியல் கற்பனைத் தொடர், அதன் கதாநாயகன் ‘டாக்டர்’. அந்த வேடத்திலிருந்து ஜான் பெர்ட்வீ விலகியபோது அடுத்த டாக்டராக யாரைப் போடலாம் என்று தயாரிப்பாளர் பாரி லெட்ஸ் யோசித்த பெயர்களில் மெக்காயும் இருந்தார். கடைசியில் டாம் பேக்கர் வந்தார். மெக்காய் அந்தத் தொடருக்குப் புதியவர் இல்லை. 1970-ல் சைலூரியன்கள் என்ற பூமிக்கடியில் உறங்கும் இனத்தைப் பற்றிய ஏழு பகுதிக் கதையில் டாக்டர் குவின் என்ற விஞ்ஞானியாக நடித்திருந்தார். அறிவைப் பெறும் ஆசையால் ரகசியமாக அந்த உயிரினங்களோடு பேரம் பேசி, அதற்கு உயிரையே கொடுக்கிற பாத்திரம்.

டாம் பேக்கர் பொறுப்பேற்றதும் ‘போரிட்ஜ்’ தொடராக ஆரம்பித்ததும் ஒரே வருடம், 1974. இரண்டையும் ஒருவர் செய்திருக்க முடியாது. வார்டர் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

‘லோக்கல் ஹீரோ’வில் அந்தப் பெரியவர் அவ்வளவு பணத்தை ஏன் வேண்டாம் என்கிறார்?

பார்க்காதவர்களுக்காகக் கதை: அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கும் நாக்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம், சுத்திகரிப்பு ஆலை கட்ட ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரக் கிராமத்தையே விலைக்கு வாங்க ஆள் அனுப்புகிறது. வழக்கமான கதை என்றால் கிராமம் எதிர்த்துப் போராடும். பில் ஃபோர்சைத் எழுதி இயக்கிய இந்தப் படத்தில் கிராமத்தார் எப்போது விற்போம் என்று துடிக்கிறார்கள். தடை ஒரே ஒருவர், பென் நாக்ஸ். கரையில் ஒதுங்கும் பொருள்களைப் பொறுக்கி, அந்தக் கடற்கரையிலேயே குடிசை போட்டு வாழ்கிறவர். ஆனால் கடற்கரை முழுவதும் சட்டப்படி அவருக்குச் சொந்தம், பல நூறு வருடங்களுக்கு முன் அவர் முன்னோருக்கு மானியமாக வந்தது. நிறுவனத்தின் பெயரும் அவர் பெயரும் ஒன்று என்பதையும் கவனியுங்கள்.

பென் கை நிறைய மணலை அள்ளி, இதில் இருக்கும் ஒவ்வொரு மணலுக்கும் ஒரு பவுண்டு கொடுப்பாயா என்று கேட்கும் காட்சிதான் படத்தின் உயிர். ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து அமெரிக்கன் மறுக்கிறான். மிஞ்சிப்போனால் பத்தாயிரம்கூட இருந்திருக்காதே என்கிறார் பென். இந்த இடத்தில் மெக்காயின் முகத்தில் ஜெயித்த பெருமை துளிகூட இல்லை, எதிராளி நல்ல வாய்ப்பை விட்டுவிட்டானே என்ற நிஜமான கரிசனம்தான் இருக்கிறது. அவர் பணத்தை வெறுக்கவில்லை, யாருக்கும் உபதேசமும் செய்யவில்லை. இந்தக் கரையைப் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை, அதை விட்டுவிட்டுப் போனால் யார் செய்வது என்பதுதான் அவர் நிலை. மிஸ்டர் மெக்காயைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: தன் வேலையை முழுசாக நம்புகிற மனிதர்.

படப்பிடிப்பு நடந்தது 1982-ல். அந்த ஆகஸ்டில் மெக்காய்க்கு 60 வயது நிறைந்தது. கூட நடித்தவர்களில் ஹாலிவுட்டின் பர்ட் லான்காஸ்டரும் உண்டு, இளைஞர் பீட்டர் கப்பால்டியும் உண்டு. கப்பால்டி பின்னாளில் ‘டாக்டர் ஹூ’வாகவே ஆனார்.

அந்தக் கடற்கரைக்கு இப்போ போய்ப் பார்க்கலாமா?

போகலாம், ஆனால் இரண்டு பயணம் வேண்டும். கிராமமாகக் காட்டியது வடகிழக்குக் கரையில் உள்ள பென்னன். கடற்கரை அங்கே இல்லை. அது நாட்டின் மறுபக்கம், மேற்குக் கரையில் மொரார் அருகே உள்ள காமஸ்டாராக். படத்தில் ஒரே ஊராகத் தெரிவது எடிட்டிங் வேலை. ஊருக்கு வெளியுலகத் தொடர்பாகப் படத்தில் வரும் சிவப்பு டெலிபோன் கூண்டைத் தேடி ஆட்கள் பென்னனுக்குப் போகிறார்கள். படத்தில் பார்த்தது செட்டுக்காக வைத்தது. இப்போது நின்று படம் எடுத்துக்கொள்வது ஊரில் இருக்கும் நிஜக் கூண்டின் முன்னால். பென் குடிசை போட்டிருந்த மணல் காமஸ்டாராக்கில் அப்படியே இருக்கிறது.

கலங்கரை விளக்கக் கேப்டன் என்றீர்களே, அது என்ன?

பொம்மலாட்ட மேதை ஜிம் ஹென்சன் உருவாக்கிய ‘ஃபிராகிள் ராக்’ குழந்தைகள் தொடர். பொம்மைகள் வரும் பகுதி எல்லா நாட்டுக்கும் பொது, மனிதர் வரும் பகுதியைச் சில நாடுகளுக்குத் தனியாக எடுத்தார்கள். வட அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்பாளர், பிரிட்டனில் ஸ்ப்ராக்கெட் என்ற நாயோடு கலங்கரை விளக்கத்தைக் காக்கும் பழைய மாலுமி. வெளிக்காட்சியில் வருவது கார்ன்வாலில் ஃபால்மவுத் அருகே உள்ள செயின்ட் ஆன்டனி கலங்கரை விளக்கம். மெக்காய் இறந்த பிறகு அந்த இடத்துக்கு ஜான் கார்டன் சின்க்ளேர் வந்தார்.

நாடக ஆசிரியர் என்கிறார்கள். அவர் பெயரில் தேடினால் ஒரு நாடகம்கூட வரலையே?

அவர் பெயரில் தேடினால் வராது. ஈனியஸ் மெக்பிரைட் என்ற புனைபெயரில் பி.பி.சி.-க்காக நாடகங்கள் எழுதினார். ‘டல்ஹௌசீஸ் லக்’, ‘கேர்ள் வித் ஃபிளவர்ஸ் இன் ஹெர் ஹேர்’ இரண்டும் அவருடையவை. நாடு முழுக்கத் தெரிந்த முகம், தன் எழுத்தை வேறு பெயரில் அனுப்பியது. வார்டர் மெக்காய் எழுதிய நாடகம் என்று விளம்பரம் செய்திருந்தால் கூட்டம் சேர்ந்திருக்கும். அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

ஸ்காட்லாந்து மேடைக்கு இன்னொரு வழியிலும் உழைத்தார். 1981-ல் தொடங்கிய ஸ்காட்டிஷ் தியேட்டர் கம்பெனியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர்களின் நாடகங்களை ஸ்காட்லாந்து முழுக்கக் கொண்டுபோகும் குழு. சிட்டிசன்ஸ் தியேட்டர் பற்றிய பதிலில் சொன்ன பிரைடியின் நோக்கத்தின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன்.

வாழ்நாள் முழுக்க துணை வேடம்தானா? அவரைப் பெரிய நடிகர் என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகமில்லை. ‘கோயிங் ஜென்ட்லி’ என்ற 1981-ஆம் வருட பி.பி.சி. நாடகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். புற்றுநோய் வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பேர். ஒருவர் நார்மன் விஸ்டம், வாழ்க்கை முழுவதும் விழுந்து புரண்டு சிரிக்கவைத்த நகைச்சுவை நடிகர். இன்னொருவர் மெக்காய். நர்ஸாக ஜூடி டென்ச். இயக்கம் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ். 1971-ல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த ‘கம்ஷூ’ படத்திலேயே மெக்காயை இயக்கியவர். மரணத்தை இருவரும் வேறுவேறு விதமாக எதிர்கொள்வதுதான் கதை. வார்டர் சீருடையில் நிமிர்ந்து நின்ற அதே உடம்பு, படுக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதைப் பார்க்கலாம்.

அப்புறம், துணை வேடத்தை வைத்து ஒரு நடிகனை அளப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ‘லோக்கல் ஹீரோ’வில் பென் திரையில் இருக்கும் நேரம் குறைவு. அவரை எடுத்துவிட்டால் படம் நிற்காது.

குடும்பம்? எப்படி இறந்தார்?

மனைவி ஷீலா மனஹன், அயர்லாந்து நடிகை. ‘செவன் டேஸ் டு நூன்’ என்ற 1950-ஆம் வருடத் த்ரில்லரில் விஞ்ஞானியின் மகளாக நடித்தவர். 1984-ல் மெக்காய்க்கு அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்தது. 1987-ல் வயிற்றில் வந்த புற்றுநோயால் இறந்தபோது வயது 64. மேலே சொன்ன வார்டு நாடகத்தில் நடித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடமே ஷீலாவும் காலமானார். இருவரும் லண்டனின் ஈஸ்ட் ஷீன் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

சரி, எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கட்டும்?

ஆங்கில நகைச்சுவைத் தொடர்கள் பழக்கமில்லை என்றால் ‘லோக்கல் ஹீரோ’. அவசரமில்லாத ஒரு சாயங்காலம் வேண்டும், படம் மெதுவாகத்தான் நகரும். பழக்கம் உண்டு என்றால் 1973-ன் அந்த முதல் ‘போரிட்ஜ்’ நிகழ்ச்சியிலிருந்து வரிசையாகப் போங்கள். ஆங்கில வசன எழுத்து இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஃபிளெட்சரின் லண்டன் கொச்சையும் மிஸ்டர் மெக்காயின் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் முதலில் காதில் ஏறாது. வெயின்ரைட் வரும் பகுதி இரண்டாவது வரிசையில் இருக்கிறது. அதற்கு முந்தியவற்றைப் பார்த்துவிட்டுப் போனால்தான் கைதிகள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது பிடிபடும். ‘கோயிங் ஜென்ட்லி’யைக் கடைசிக்கு வையுங்கள். வீட்டில் யாராவது நோயோடு போராடிக்கொண்டிருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.